காலியாகத் திறந்த கோப்பு

செவ்வாய்க்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு நான் பூங்கோதை அக்காவின் ஒன்பது வருடங்களை அழித்தேன். ஒரு வரியைக்கூட வெட்டவில்லை. கோப்பைத் திறந்தேன், அவ்வளவுதான்.

அப்போது என் எதிரே உட்கார்ந்திருந்தது இன்னொரு பூங்கோதை. பத்தொன்பது வயதுப் பெண். மறதிக் காய்ச்சல் வந்து இறங்கி ஆறு நாள் ஆகியிருந்தது. அந்தக் காய்ச்சல் இறங்கிய பத்தாம் நாளிலிருந்து, தூங்கி எழுந்தால் முந்தின நாள் இருக்காது. காய்ச்சலுக்கு முந்தைய வாழ்க்கை அப்படியே நிற்கும். பிறகு வந்த எதுவும் ஒரு தூக்கத்தைத் தாண்டாது. அதனால் பத்து நாளுக்குள் எங்கள் நினைவு நிலையத்துக்கு வந்து ஒரு கோப்பு தொடங்கிக்கொள்ள வேண்டும். காதுக்குப் பின்னால் ஒரு வில்லையை ஒட்டுவோம். பகலில் மனதில் ஓடுவதை அது பிடித்து வைத்துக்கொள்ளும். மாலை ஆறு மணிக்கு அதைக் கோப்பின் கடைசியில் சேர்ப்போம். மறுநாள் காலை கோப்பு முதலிலிருந்து ஓடையாக ஓடி, வில்லை வழியே அவர்களுக்குள் இறங்கும். தூத்துக்குடியில் மட்டும் நானூறு பேர் தினமும் காலையில் இப்படித்தான் தங்களிடம் வந்து சேர்கிறார்கள்.

"இனிஷியல் என்னம்மா?"

"த. அப்பா பேரு தவசி."

'த. பூங்கோதை' என்று அடித்தேன். புதுக் கோப்பு என்பதால் புதிதாக எழுதும் 'டபிள்யூ' முறையில் திறந்தேன். திரை எதுவும் கேட்கவில்லை. அளவு பூஜ்யம் என்று காட்டியது. புதுக் கோப்புக்குப் பூஜ்யம்தானே என்று பட்டியலைப் பார்த்தேன். நேற்று வரை நானூற்றுப் பன்னிரண்டு பேர். இப்போதும் நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்று கூடவில்லை.

பட்டியலில் 'த. பூங்கோதை' என்ற வரியைத் தேடினேன். ஒன்றுதான் இருந்தது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பூங்கோதை அக்காவின் கணவர் பெயர் தங்கப்பழம். கல்யாணமான பெண்ணுக்குக் கணவர் பெயரின் முதல் எழுத்து, ஆகாத பெண்ணுக்கு அப்பா பெயரின் முதல் எழுத்து. எங்கள் நிலையத்தில் கோப்புகளுக்குப் பெயர் வைப்பதும் அதே வழக்கப்படிதான். யாரோ ஓர் ஆணின் பெயரிலிருந்து ஓர் எழுத்தைக் கடன் வாங்கிக்கொண்டு வந்த இரண்டு பெண்கள் ஒரே வாசலில் மோதிக்கொண்டார்கள். கதவைத் திறந்துவிட்டது நான்.

"வியாழக்கிழமை வாம்மா, மிஷின்ல ஒரு கோளாறு" என்று அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு மேலாளர் வேலாயுதம் சாரின் அறைக்கு ஓடினேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நகல்?"

"நகல் ஏது சார்? சட்டம் வந்து பதினோரு வருசம் ஆச்சே."

ஒரு காலத்தில் நகல்கள் இருந்தன. பெண் பார்க்க வருகிறவர்கள் அந்த நகல்களைத் திருட்டுத்தனமாக வாங்கிப் பார்த்தார்கள். கம்பெனிக்காரர்கள் வேலைக்கு எடுக்கும் முன் பார்த்தார்கள். அதன் பிறகுதான் ஒருவருக்கு ஒரு கோப்பு, நகல் எடுத்தால் சிறை என்று ஆனது. கோப்பு விட்ட இடத்தை இயந்திரம் அந்தக் கணமே சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

"காலையில வாசிப்பு முடிஞ்சிருச்சா அவங்களுக்கு?"

"ஆறரைக்கே முடிஞ்சிருச்சு சார். இப்ப எல்லாம் ஞாபகத்துலதான் இருக்கும். தூங்குற வரைக்கும்."

வேலாயுதம் சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நல்ல மனிதர். ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் பாக்கி. "ஜெனிட்டா, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காத. நோய் முத்திருச்சு, கோப்பு ஏறமாட்டேங்குதுன்னு எழுதிருவோம். அப்பிடி நடந்திருக்கு முன்னாடி. அவங்களுக்கும் தெரியப்போறதில்ல. நாளைக்கு எந்திரிச்சா, தொலைச்சதே ஞாபகம் இருக்காது."

"நாளைக்கு எந்திரிச்சதும் அவங்க சீப்பைத் தேடுவாங்க சார்."

"என்னது?"

"காய்ச்சல் வந்தப்ப அவங்க பொண்ணு சுடருக்குப் பன்னிரண்டு வயசு. இப்ப இருபத்தொண்ணு. காலையில எந்திரிச்சு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சேன்னு சின்னப் பிள்ளைக்குத் தலை பின்னத் தேடுவாங்க. நாலு வருசத்துக்கு முன்ன செத்துப்போன அம்மாவுக்குப் போன் போடுவாங்க."

நான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

பூங்கோதை அக்கா தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து ஒரு சீனக் கப்பலிலிருந்து கன்டெய்னர்களை இறக்கிக்கொண்டிருந்தார். கீழே சிக்னல் காட்டும் மர்சலின் வாக்கிடாக்கியில் கூப்பிட்டார்.

"யக்கா, நினைவு நிலையத்துல இருந்து பிள்ளை வந்து நிக்கி. கீழ எறங்கி வாங்க."

"நிலையத்துக்காரிக்கு இங்க என்னல சோலி? சாயங்காலம் வருவேன்னு சொல்லு."

"அழுதுக்கிட்டு நிக்கிக்கா."

கிரேன் நின்றது.

கேன்டீனில் ஒரு மூலை மேஜையில் உட்கார்ந்து சொன்னேன். ஓடையாகக் கோப்பைத் திறக்க மூன்று முறைகள் உண்டு என்றேன். நூறு வயதை நெருங்கும் 'சி' என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் அது. ஆர் என்றால் வாசிக்க மட்டும். ஏ என்றால் இருப்பதைத் தொடாமல் கடைசியில் சேர்க்க. டபிள்யூ என்றால் புதிதாக எழுத. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால், திறந்த மாத்திரத்தில் அதைக் காலி செய்துவிடும்.

அக்கா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "அப்போ 'ஆர்'னா, நான் மேல இருந்து பெட்டி அடுக்கின யார்டைப் பாக்குறது. 'ஏ'ன்னா, இருக்கிற அடுக்குமேல இன்னொரு பெட்டியை வைக்கிறது. இந்த மூணாவது, ஒரு பெட்டி வைக்கணும்னு சொன்னதுக்கு யார்டையே தூக்கிக் கடல்ல போட்டுட்டு எடம் ரெடின்னு சொல்லுது. அப்பிடித்தான?"

"ஆமாக்கா."

"ஒரு வார்த்தை கேக்காதா?"

"கேக்காதுக்கா."

"நல்ல மிஷினு வச்சிருக்கியோ." டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். "இதுல போனது என் யார்டு."

தலையை ஆட்டினேன். அறைவார் என்று நினைத்தேன். அறைந்தால் எனக்கும் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவர் காதுக்குப் பின்னால் இருந்த வில்லையைத் தொட்டுப் பார்த்தார். அதில் பச்சைப் புள்ளி மினுங்கிக்கொண்டிருந்தது.

"இது இப்ப என்ன செய்யுது?"

"நீங்க நினைக்கிறதை எடுத்துக்கிட்டிருக்கு."

"எதை நினைச்சாலுமா?"

"எதை நினைச்சாலும்."

"அப்ப பழசை நினைச்சா பழசையும் எடுக்குமா?"

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். நாலு வருடம் அந்த இயந்திரத்தோடு புழங்கிய எனக்குத் தோன்றாத ஒன்று, அது எப்படி இயங்கும் என்று கேட்டுப் பத்து நிமிடம் ஆன கிரேன் டிரைவருக்குத் தோன்றியிருந்தது. கோப்பு காலி. ஆனால் அதிலிருந்து ஓடியதெல்லாம் இன்று காலைதான் அவருக்குள் வந்து இறங்கியிருக்கிறது. இப்போது எஞ்சியிருக்கும் ஒரே பிரதி அவர்தான். பகல் முழுவதும் அவர் அந்த ஒன்பது வருடத்தையும் நினைத்தால், மாலையில் அது 'இன்று' என்று கோப்பில் ஏறிவிடும்.

"வில்லையில ஒரு நாளைக்குத்தான்க்கா எடம். ஆறு மணிக்கு நான் கோப்பை மூடணும். மூடினாத்தான் கடைசிச் சொட்டு வரைக்கும் உள்ள போகும். அதுக்கு முன்னாடி நீங்க கண் அசந்துட்டா..."

"மணி என்ன?"

"பத்து."

"எட்டு மணி நேரத்துல ஒன்பது வருசம்" என்றார். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார். "ஏ மர்சலின்! அவுகளுக்குப் போன் போடுல. கடையை அடைச்சிட்டு வரச்சொல்லு. சுடருக்கும் போடு. தனியா உக்காந்து யோசிச்சா எனக்கு ஒரு மண்ணும் வராது. ஆளு வேணும்."

அரை மணி நேரத்தில் தங்கப்பழம் அண்ணன் பேக்கரி ஏப்ரனோடு ஓடி வந்தார். கையில் ஒரு பொட்டலம் மக்ரூன். அழுவதா மக்ரூனைப் பிரிப்பதா என்று தெரியாமல் நின்றார்.

"பூங்கோத, எங்க இருந்து ஆரம்பிக்கணும்?"

"காய்ச்சல்ல இருந்து. ஆஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கிட்டுப் போனீகளே, அதுல இருந்து."

"நான் எங்க தூக்கினேன்? உன் தம்பில்லா தூக்கினான். நான் செருப்பை எடுத்துக்கிட்டு பின்னாடி வந்தேன்."

மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். பச்சைப் புள்ளி வேகமாக மினுங்கியது.

வருடத்துக்கு ஐம்பது நிமிடம் என்று நான் ஒரு தாளில் கோடு போட்டு வைத்திருந்தேன். அந்தத் தாள் பதினொரு மணிக்கே உபயோகமில்லாமல் போனது. இரண்டாம் வருடம் முழுவதும் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. மர்சலின் ஒருமுறை தவறான சிக்னல் காட்டியதில் ஒரு கன்டெய்னர் நிறைய வெங்காயம் தண்ணீரில் விழுந்த கதை மட்டும் முக்கால் மணி நேரம் ஓடியது. சாப்பிட வந்த தொழிலாளிகள் தட்டோடு நின்று கேட்டார்கள். கேட்டவர்கள் திருத்தினார்கள்.

"வெங்காயம் இல்ல, பூண்டு."

"பூண்டா? நீ அன்னைக்கு லீவு. பேசாத."

அம்மா இறந்த நாளைச் சொல்லும்போது மட்டும் யாரும் திருத்தவில்லை. அக்கா எதையும் வேகமாகக் கடக்கவில்லை. அம்மாவின் கட்டைவிரலில் கட்டிய வெள்ளைத் துணியின் முடிச்சு வரை சொன்னார். முடித்துவிட்டு, "சரி, அடுத்து" என்றார்.

மூன்று மணிக்கு ஆபத்து வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் கண்ணை மூடுவது அவருக்கு இருபது வருடப் பழக்கம். மற்ற நாட்களில் அதனால் ஒன்றுமில்லை. மத்தியானம் தொலைவதை நாங்கள் மறுபடியும் ஓடவிட்டுவிடுவோம். இன்று ஓடவிட எதுவும் இல்லை. ஐந்தாம் வருடத்தின் நடுவில் அவர் தலை சாய்ந்தது.

"அஞ்சாவது வருசத் தீபாவளிக்கு உனக்குப் பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தேனே, ஞாபகம் இருக்கா?" என்றார் தங்கப்பழம் அண்ணன் சத்தமாக.

அக்காவின் கண் பட்டென்று திறந்தது. "எப்ப? எந்தக் கடையில? வாய் கூசாமப் பொய் சொல்லுதீக!"

"அண்ணே, அது பதிவாயிரும்" என்று நான் பதறினேன்.

"ஆகட்டுமே. அவ இல்லன்னு சொன்னதும் சேந்துதான பதியும்."

அதன் பிறகு அக்கா சாயும் போதெல்லாம் யாராவது ஒரு பொய்யைச் சொன்னார்கள். அவர் எழுந்து சண்டை போட்டார். நான்கு மணிக்கு ஏழாம் வருடத்தை எட்டினோம். அப்போதுதான் சுடர் வந்து சேர்ந்தாள். கடலுக்கு அடியில் காற்றாலைத் தூண்களுக்கு வெல்டிங் செய்யும் வேலை. தலைமுடியில் இன்னும் உப்பு இருந்தது.

ஏழாம் வருடம் அவளுடைய வருடம். நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, வீட்டில் சொல்லாமல் வெல்டிங் பயிற்சிக்குப் போனாள். தெரிந்த அன்று அம்மாவும் மகளும் பேசிய வார்த்தைகள் அப்படி. மற்ற வீடுகளில் இப்படி ஒரு சண்டை ஆறு மாதத்தில் ஆறிவிடும். இந்த வீட்டில் ஆற வழியில்லை. ஒவ்வொரு காலையும் அந்தச் சண்டை முதல் நாளின் சூட்டோடு ஓடையில் வந்து இறங்கியது. கோப்புக்கு எதுவும் பழசாவதில்லை. சாயங்காலம் வரும்போது அக்காவுக்குக் கோபம் தணிந்திருக்கும், மறுநாள் காலை புதிதாக மூளும். அதனால் இரண்டு வருடமாகச் சுடர் அம்மாவுக்குப் பகலில் போன் செய்ததே இல்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு மெதுவாகக் கேட்டாள். "யம்மா, அந்த ஒண்ணை மட்டும் விட்டுருங்களேன். இப்ப விட்டா போயிரும்லா. அதுக்கப்புறம் நம்ம நல்லா இருக்கலாம்."

நான்கூட விட்டுவிடட்டும் என்றுதான் நினைத்தேன். இத்தனை பெரிய தவறிலிருந்து அப்படி ஒரு நன்மையாவது கிடைக்கட்டும் என்று மனம் ஏங்கியது.

அக்கா மகளின் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விரல்களில் பொறி பட்ட தழும்புகள். "விட்டுட்டா, நாளைக்குக் காலையில உன் நர்ஸ் டிரஸ்ஸைத் தேய்ச்சு மடிச்சு வச்சிட்டு, ஏட்டி, இன்னும் கிளம்பலையான்னு கேப்பேன். அப்ப நீ என்ன சொல்லுவ? மறுபடியும் முதல்ல இருந்து சொல்லுவியா?"

சுடர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் இன்னைக்கு அதைச் சொல்லமாட்டேன். நீ சொல்லு. நான் கேட்டுக்கிடுதேன். உன் பக்கத்தை நான் ஒரு நாளும் முழுசாக் கேட்டதில்ல."

சுடர் சொன்னாள். முதல்முறை கடலுக்குள் இறங்கியபோது பயத்தில் முகமூடிக்குள் வாந்தி எடுத்தது. அதைச் சொல்ல அம்மாவுக்குத்தான் போன் செய்ய நினைத்தது. மணி காலை எட்டு என்று பார்த்துவிட்டுப் போனை வைத்தது. அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கண்ணீர் வழிந்து மக்ரூன் பொட்டலத்தின் மேல் சொட்டியது. வில்லையின் பச்சைப் புள்ளி அன்று முழுவதிலும் அப்படி மினுங்கி நான் பார்க்கவில்லை.

எட்டாம் வருடமும் ஒன்பதாம் வருடமும் இருபது நிமிடத்தில் முடிந்தன. எவ்வளவோ விட்டுப்போயிருக்கும். ஐந்து ஐம்பத்தைந்துக்கு, கையோடு கொண்டுவந்திருந்த நிலையத்து மடிக்கணினியில் நான் கோப்பை 'ஏ' முறையில் திறந்தேன். அந்த ஓர் எழுத்தைத் தொடும் முன் சத்தமாகச் சொன்னேன். மேஜையில் இருந்த எல்லோரும் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்கள். ஆறு மணிக்கு மூடினேன்.

மறுநாள் விடியற்காலையிலேயே அக்காவின் வீட்டில் இருந்தேன். சுடர் அறைக்கு வெளியே சுவரோடு ஒட்டி நின்றாள். இரண்டு வருடத்தில் அவள் அம்மாவின் முன் காலையில் நிற்பது இதுதான் முதல்முறை. வழக்கமாக நாற்பது நிமிடம் ஓடும் ஓடை மூன்றே நிமிடத்தில் நின்றது. அக்கா கண்ணை மூடியபடியே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"பூங்கோத?" என்றார் தங்கப்பழம் அண்ணன்.

மறுபடியும் கூப்பிட்டார்.

"என்ன இது, எங்க பாத்தாலும் நீங்கல்லாம் உக்காந்திருக்கீக" என்றார் அக்கா.

"எங்க?"

"எல்லாத்துலயும். அம்மா போன அன்னைக்கு மர்சலின் மூக்கைச் சிந்திக்கிட்டுப் பக்கத்துல நிக்கான். அவன் அன்னைக்கு வரவேயில்ல. ஆஸ்பத்திரியில நான் தனியாக் கெடந்த ராத்திரியிலயும் நீங்க மக்ரூனைப் பிரிக்கீக." அவர் கண்ணைத் திறந்தார். "தப்பா வந்திருக்கோ என்னமோ."

"ஐயோ, மாறிப்போச்சா அக்கா?" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். நேற்று வரை ஒவ்வொரு காலையும் எப்படி வந்தது என்பது அவருக்கு இப்போது மங்கலாகத்தான் தெரியும். அதைப் பற்றியும் நேற்று யாரிடமோ நாலு வார்த்தை சொல்லியிருந்தார்.

"முன்னாடியெல்லாம் அந்த ஒன்பது வருசத் தூரத்தைத் தனியா நடந்து வருவேன்னு சொன்னேன்லா. இன்னைக்குக் கூட்டமா வந்தேன். இருக்கட்டும்." பிறகு வாசலைப் பார்த்தார். "அங்க யாரு ஒளிஞ்சு நிக்கா? சுடரா?"

அவள் உள்ளே வந்தாள்.

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். கோபம் எங்கேயாவது இருக்கிறதா என்று தனக்குள் தேடுவது போலிருந்தது. "முகமூடிக்குள்ள வாந்தி எடுத்தியே, அதைக் கழுவினியா இல்லையாட்டி?"

சுடர் சிரிப்பும் அழுகையுமாக அம்மாவின் மடியில் விழுந்தாள்.

நான் நிலையத்துக்கு வந்து நடந்ததை நடந்தபடி எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். வேலாயுதம் சார் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "பதில் வர்ற வரைக்கும் நீ கீபோர்டைத் தொடக்கூடாது. அதுதான் விதி" என்றார்.

"ஒரே ஒரு எழுத்து மட்டும் நிரல்ல சேத்துட்டு எந்திரிச்சிருதேன் சார்."

"என்ன எழுத்து?"

"டபிள்யூவுக்குப் பக்கத்துல ஒரு எக்ஸ். அந்த மொழியிலேயே இருக்கு சார், ரொம்ப வருசமா. அது இருந்தா, ஏற்கெனவே உள்ள கோப்பு அழியாது. நம்ம நிரல்லதான் யாரும் சேக்கல."

அவர் என் நாற்காலியின் பின்னால் நின்று, நான் சேர்ப்பதைப் பார்த்தார். பிறகு நான் எழுந்துகொண்டேன்.

வியாழக்கிழமை காலை அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் மறுபடி வந்தாள். அவளோடு அவள் அப்பாவும் வந்திருந்தார். நான் சுவரோரம் நின்றேன். வேலாயுதம் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பது வருடம் இந்த வேலையைச் செய்த விரல்கள் அவருடையவை.

"பேரு?"

"பூங்கோதை."

"இனிஷியல்?"

"த."

அவர் அப்படியே அடித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பொத்தானை அழுத்திவிட்டார். திரை ஒரு கணம் தயங்கியது. பிறகு, இந்த நிலையத்தில் அது ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்தது. திறக்க மறுத்தது. காரணத்தையும் ஒரு வரியில் காட்டியது.

வேலாயுதம் சாரின் விரல்கள் பலகையிலிருந்து மெதுவாக விலகின. அவர் அந்த வரியை, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, இரண்டு முறை வாசித்தார்.

'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.'